மெயில் சர்வர் நிற்காமல் ஓட: கிளஸ்டரா, விர்ச்சுவலைசேஷனா?

மெயில் சர்வருக்கு மாற்று ஏற்பாடு என்றதும் பேச்சு நேராகக் கருவிகளுக்குத் தாவிவிடுகிறது: பேஸ்மேக்கரா (கிளஸ்டரை, அதாவது ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்கும் சர்வர் ஜோடியை, நடத்துவது), ப்ராக்ஸ்மாக்ஸா, விஎம்வேரா (ஒரு பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவை). அதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. எது பழுதானாலும் மெயில் ஓட வேண்டும்? எவ்வளவு நேரம் நின்றால் பரவாயில்லை? வாங்கிக்கொண்ட மெயிலில் ஒன்றுகூடத் தொலையக் கூடாதா, கடைசி ஒரு நிமிட மெயில் போனால் பொறுத்துக்கொள்வார்களா? இவற்றுக்குப் பதில் இருந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

கணக்குக்கு ஒரு நடுத்தர அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 300 மெயில்பாக்ஸ், தலைக்கு 10 ஜிபி, மொத்தம் 3 டிபி. லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டவ்காட் (மெயில்பாக்ஸைப் பயனருக்குத் திறந்து தருவது), ஆர்ஸ்பேம்டி (ஸ்பேம் வடிகட்டி). சேமிப்பு மெயில்டிர் வடிவில், அதாவது ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. மெயிலுக்குச் சராசரி 75 கேபி என்றால் சுமார் 4 கோடி சின்னச் சின்ன கோப்புகள். பின்னால் வரும் பல முடிவுகளை இந்த 4 கோடிதான் எடுக்கப்போகிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகக் கீழே ஒரு பகுதி உண்டு.

வெளியிலிருந்து வரும் மெயிலுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம்

சர்வர்கள் மெயில் பரிமாறும் எஸ்எம்டிபி என்பதே பொறுமையாக நடக்கும்படி வடிவமைத்த நெறிமுறை. எதிர்முனை சர்வர் கிடைக்கவில்லை என்றால் அனுப்புபவர் கியூவில் வைத்துத் திரும்பத் திரும்ப முயல வேண்டும், குறைந்தது 4-5 நாள் விடக்கூடாது என்கிறது அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 5321. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பும் 5 நாள்தான். ஆகவே மெயில் வாங்கும் உங்கள் 25-ஆம் போர்ட் மூன்று மணி நேரம் மூடிக்கிடந்தால் மெயில் தொலையாது, தாமதமாக வரும். தாமதமும் வேண்டாம் என்றால் ஒரே முன்னுரிமையில் இரண்டு எம்எக்ஸ் பதிவுகள் (மெயிலை எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள்) போட்டு, இரண்டு சிறிய விஎம்களில் (மெய்நிகர் கணினிகளில்) போஸ்ட்ஃபிக்ஸ் வையுங்கள். இவை உள்ளே மெயில்பாக்ஸ் எதையும் வைத்திருக்காது. வாங்கி, உள் விநியோக நெறிமுறையான எல்எம்டிபி வழியாக, மெயில்பாக்ஸ்கள் இருக்கும் ஸ்டோருக்குத் தள்ளிவிடும். ஆளுக்கு 2 சிபியு, 4 ஜிபி ரேம் போதும். இதற்குக் கிளஸ்டர் மென்பொருள் எதுவும் தேவையில்லை. உலகத்தின் மற்ற மெயில் சர்வர்களே உங்களுக்கு ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் மற்றதுக்கு மாறுவது) செய்து தருகின்றன.

இரண்டாவது எம்எக்ஸை எங்கோ ஒரு மலிவு சர்வரில், பயனர் பட்டியல் இல்லாமல் வைப்பவர்கள் உண்டு. ஸ்பேம் அனுப்புபவர்கள் வேண்டுமென்றே அந்த இரண்டாம் கதவைத்தான் தட்டுவார்கள். இல்லாத முகவரிகளுக்கு வரும் மெயிலையும் அது வாங்கிவைத்து, பிறகு திருப்பி அனுப்பி, உங்கள் ஐபியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். இரண்டு எம்எக்ஸிலும் ஒரே வடிகட்டி, ஒரே பயனர் சரிபார்ப்பு இருக்க வேண்டும். ஆர்ஸ்பேம்டி பயன்படுத்தினால் கிரேலிஸ்டும் (புதிய அனுப்புநரை முதலில் காத்திருக்கச் சொல்லும் பட்டியல்) பேய்ஸ் கணக்கும் (ஸ்பேமை அடையாளம் காணக் கற்ற புள்ளிவிவரம்) ஒரே ரெடிஸ் தரவுத்தளத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓர் எம்எக்ஸ் "பிறகு வா" என்று அனுப்பிய மெயில், அடுத்த எம்எக்ஸிடம் போய் மறுபடி முதலிலிருந்து காத்திருக்கும்.

பயனருக்கு உடனே தெரிவது 993-ஆம் போர்ட்டில் ஐமேப் (மெயில் படிப்பது), 587 அல்லது 465-இல் அனுப்புதல், வெப்மெயில். இவை நின்றால் ஐந்தாவது நிமிடம் தொலைபேசி அடிக்கும். பணமும் உழைப்பும் இங்கே, அதாவது மெயில்பாக்ஸ் ஸ்டோரில்தான் போக வேண்டும்.

எது எதைக் காக்கும்

விர்ச்சுவலைசேஷனில் மெயில் சர்வர் ஒரே ஒரு விஎம். கீழே மூன்று ஹோஸ்ட்கள் (விஎம்களைத் தாங்கும் உண்மையான சர்வர்கள்), எல்லோருக்கும் பொதுவான ஸ்டோரேஜ். ஒரு ஹோஸ்ட் செத்தால் வேறொரு ஹோஸ்ட் அந்த விஎம்மை மறுபடி பூட் செய்கிறது. இது காப்பது ஹார்டுவேர் பழுதை. ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் லைவ் மைக்ரேஷன் இருப்பதால் ஹோஸ்ட் பராமரிப்பையும். விஎம்முக்குள் டவ்காட் தொங்கினாலோ, டிஸ்க் நிரம்பினாலோ, அப்டேட் ஒன்று கான்ஃபிகை உடைத்தாலோ விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியாது. அதன் பார்வையில் விஎம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். விஎம்வேரின் ஃபால்ட் டாலரன்ஸ் போட்டாலும் இதே கதை: நினைவகத்தை இன்னொரு ஹோஸ்டில் அப்படியே பிரதி எடுக்கும்போது உள்ளே நடக்கும் கர்னல் கோளாறும் சேர்ந்தே பிரதியாகிவிடும்.

கிளஸ்டரில் இரண்டு ஓஎஸ் இருக்கும். ஒன்று சேவை தர, மற்றது காத்திருக்கும். ஹார்டுவேர் பழுதோடு ஓஎஸ் பழுது, சேவை பழுது, பேட்ச் போடும் நேரம் ஆகியவற்றையும் இது காக்கிறது. காத்திருக்கும் நோடை (கிளஸ்டரின் ஒரு சர்வரை) பேட்ச் செய்து, ரீபூட் செய்து, சேவையை அதன்மேல் நகர்த்தி, பழையதைப் பேட்ச் செய்யலாம்.

தவறாக நீக்கிய மெயில், கெட்டுப்போன ஃபைல்சிஸ்டம், ரான்சம்வேர், காலாவதியான சான்றிதழ், டிஎன்எஸ் குளறுபடி, அறுந்த இணைய இணைப்பு: இவற்றிலிருந்து இரண்டுமே காக்காது. அழிப்பதையும் அதே வேகத்தில் பிரதி எடுத்துவிடும். பேக்கப் தனி வேலை.

வேகத்தை வைத்துக் கிளஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒழுங்காக அமைத்த பேஸ்மேக்கர் கிளஸ்டர் 20 முதல் 60 விநாடியில் மாறும். ப்ராக்ஸ்மாக்ஸின் ஹெச்ஏ (விழுந்த விஎம்மைத் தானாக எழுப்பும் வசதி), ஹோஸ்ட் போனதை உறுதி செய்து விஎம்மை வேறிடத்தில் கிளப்ப ஏறக்குறைய 2 நிமிடம் எடுக்கும். அதோடு பூட் ஆகும் நேரம், ஜர்னல் சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து 3-4 நிமிடம் வையுங்கள். அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் தாமாகவே மறுபடி இணைந்துகொள்ளும் என்பதால் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலான பயனர்கள் கவனிக்கவே மாட்டார்கள்.

ஆண்டுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 99.9% என்றால் வருடத்துக்கு 8 மணி 46 நிமிடம் நிற்கலாம். 99.99% என்றால் 52 நிமிடத்துக்குச் சற்று மேல். தனி விஎம் ஒன்றை மாதம் ஒருமுறை இரவில் பேட்ச் செய்து ரீபூட் செய்ய 5 நிமிடம் என்றால் வருடத்துக்கு 60 நிமிடம், அதாவது 99.989%. திட்டமிட்ட ரீபூட் கணக்கில் சேராது என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டால் அதுவும் இல்லை. மாதம் 5 நிமிடம் இரவு நேரம் கிடைக்கிற, ஒன்றிரண்டு பேர் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்கு விஎம் வழிதான் சரி. அந்த 5 நிமிடமும் கிடைக்காது, மூன்று ஷிப்டிலும் மெயில் ஓட வேண்டும், பேஸ்மேக்கர் லாகைப் படித்துப் புரிந்துகொள்ள இரண்டு பேராவது இருக்கிறார்கள் என்றால் கிளஸ்டர். தெரியாதவர்கள் கையில் கிளஸ்டர் இருந்தால், தனி சர்வர் நிற்கும் நேரத்தைவிட அது நிற்கும் நேரம் கூடிவிடும். இது மிகையல்ல.

விஎம் வழியைக் கட்டும் முறை

மூன்று ஹோஸ்ட் வேண்டும்; பெரும்பான்மை ஓட்டு (கோரம்) உள்ள பக்கம்தான் தொடர்ந்து இயங்கும். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் மூன்றாவது ஓட்டுக்குக் கியூடிவைஸ் போடுங்கள். ஒரு சின்னக் கணினியில் அதன் சர்வர் நிரலான கியூநெட்டி ஓடினால் போதும், டிசிபி 5403 திறந்திருக்க வேண்டும். அந்தக் கணினியை அதே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக வைத்துவிடாதீர்கள்; ஹோஸ்ட் போகும்போது ஓட்டும் சேர்ந்து போகும்.

ஹோஸ்ட்கள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் கோரோசிங்க்கின் போக்குவரத்துக்குத் தனி நெட்வொர்க் கார்டு, முடிந்தால் இரண்டு இணைப்புகள். அது கேட்பது பேண்ட்வித் இல்லை, தாமதமில்லாத பாதை. இரவு பேக்கப் ஓடும்போது அதே கேபிளில் கோரோசிங்க்கும் போனால் கோரம் தவறும். ஹெச்ஏ இயங்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட் கோரம் இழந்தால் வாட்ச்டாக் (காவல் டைமர்) 60 விநாடியில் அதை ரீபூட் செய்துவிடும். நடுராத்திரியில் காரணமில்லாமல் ஹோஸ்ட் ரீபூட் ஆகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்டோரேஜ்தான் இந்த வழியின் உயிர்நாடி. மூன்று தேர்வுகள் உண்டு.

இரட்டைக் கன்ட்ரோலர் உள்ள சான் (பல சர்வர்கள் பகிரும் ஸ்டோரேஜ் பெட்டி) இருந்தால் வேலை சுலபம். ஒற்றைக் கன்ட்ரோலர் நாஸ் பெட்டிமேல் மூன்று ஹோஸ்டை நிறுத்தினால், விழக்கூடிய ஒரே பெட்டிக்கு மூன்று காவல்காரர்களை வைத்தது போலத்தான்.

செஃப் (ஹோஸ்ட்களின் டிஸ்க்குகளையே ஒரே ஸ்டோரேஜாகச் சேர்க்கும் மென்பொருள்) என்றால் மூன்று பிரதி. 3 டிபி தரவுக்கு 9 டிபி டிஸ்க். 85% நிரம்பினால் எச்சரிக்கை, 95%-இல் எழுதுவதே நின்றுவிடும். மூன்று ஹோஸ்டில் பிரித்து, வளர்ச்சிக்கும் இடம் விட்டால் ஹோஸ்டுக்கு 5 டிபியாவது வேண்டும். 10 ஜிபிபிஎஸ் நெட்வொர்க் குறைந்தபட்சம். பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன் உள்ள டேட்டாசென்டர் எஸ்எஸ்டியே வாங்குங்கள். மெயில் சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் எஃப்சிங்க் (டிஸ்க்கில் எழுதி முடித்த உறுதி) கேட்கிற மென்பொருள். சாதா எஸ்எஸ்டி அதில் மண்டியிட்டுவிடும்.

மூன்றாவது, இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தின் ரெப்ளிகேஷன் (பிரதி எடுத்தல்). பொதுவான ஸ்டோரேஜ் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் இது அவ்வப்போது பிரதி எடுப்பது. ப்ராக்ஸ்மாக்ஸில் இயல்பு 15 நிமிடம், குறைந்தது 1 நிமிடம். ஹோஸ்ட் போனால் கடைசிப் பிரதிக்குப் பின் வந்த மெயில் போனது போனதுதான். அனுப்பியவருக்கு "250" (வாங்கிக்கொண்டேன்) என்று பதில் போயாயிற்று. அவருடைய சர்வர் மறுபடி அனுப்பாது. யாருக்கும் தெரியாமல் தொலைகிற மெயில் இது.

அதைவிட நுணுக்கமான ஒரு கோளாறும் இதில் உண்டு. ஐமேப்பில் ஒவ்வொரு மெயிலுக்கும் யூஐடி என்ற எண் உண்டு. ஒருவரின் இன்பாக்ஸில் 5001, 5002 எண்ணுள்ள மெயில்களை அவருடைய அவுட்லுக் இறக்கிவைத்துவிட்டது. ஹோஸ்ட் போய், ஒரு நிமிடம் பழைய பிரதி எழுந்துவருகிறது. அதன் கணக்கில் அடுத்த எண் 5001. புதிதாக வரும் வேறொரு மெயிலுக்கு அந்த எண் போகிறது. அவுட்லுக்கோ 5001 தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று புதியதை இறக்காது. "வெப்மெயிலில் தெரிகிறது, அவுட்லுக்கில் தெரியவில்லை" என்று புகார் வரும். யாருக்கும் காரணம் புரியாது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டாலும் இதே நிலைதான். இதற்கு வழி: விஎம் எழுந்ததும் 993-ஐயும் எல்எம்டிபியையும் மூடிவைத்து, டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவ்அட்மினின் மெயில்பாக்ஸ் அப்டேட் கட்டளையில் அடுத்த யூஐடியின் குறைந்தபட்ச அளவை எல்லாக் கோப்புறைகளிலும் ஒரு 1,000 உயர்த்திவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். யூஐடிவேலிடிட்டியை (கோப்புறையின் எண்வரிசையே புதிது என்று சொல்லும் குறியை) மாற்றினாலும் தீரும். ஆனால் 300 பேரும் 10 ஜிபியை மறுபடி இறக்கத் தொடங்குவார்கள். இந்த ஸ்கிரிப்டை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாதவர்கள் ஹெச்ஏவுக்கு இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷனை நம்பக் கூடாது.

விஎம் டிஸ்க்கின் கேஷ் அமைப்பை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் இயல்பான "நோ கேஷ்" நல்லது. "ரைட்பேக் அன்சேஃப்" என்று ஒன்று இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் டிஸ்க்கில் எழுதி முடித்ததாக உறுதி கிடைத்த பிறகே "250" சொல்கிறது. அன்சேஃப் அமைப்பில் ஹோஸ்ட் எழுதாமலே எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லும்.

விஎம்முக்குள் நடப்பதைப் பார்க்க மானிட் போன்ற ஒரு காவலாள் வேண்டும். லினக்ஸில் சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டியில் டவ்காட்டுக்கு ரீஸ்டார்ட் அமைப்பு போட்டால் செத்த புரோசெஸ் எழும். தொங்கிய புரோசெஸுக்கு, சோதனைக் கணக்கில் உண்மையாக லாகின் செய்து பார்க்கும் ஸ்கிரிப்ட்தான் வேலைக்கு ஆகும்.

முழு ஃபைல்சிஸ்டம் சரிபார்ப்பு வந்தால் 4 கோடி கோப்புகளுக்கு மணிக்கணக்கு ஆகும். அதனால் 300 பேரையும் ஒரே விஎம்மில் வைக்காமல் இரண்டு ஸ்டோர் விஎம்களாக 150, 150 என்று பிரிப்பது நல்ல பழக்கம். முன்னால் இரண்டு டவ்காட் ப்ராக்ஸி (பயனரை அவருடைய ஸ்டோருக்கு அனுப்பும் வாயில்). பயனர் எந்த ஸ்டோரில் இருக்கிறார் என்பது எஸ்க்யூஎல் அட்டவணையில் ஒரு நெடுவரிசை. ஒன்று விழுந்தாலும் பாதிப் பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். எம்எக்ஸ் ஜோடியும் ப்ராக்ஸி ஜோடியும் ஒரே ஹோஸ்டில் உட்காராதபடி விலக்கு விதி போட மறக்க வேண்டாம். புதிதாகக் கட்டியவுடன் சரியாக இருக்கும். நாலு லைவ் மைக்ரேஷனுக்குப் பிறகு பார்த்தால் ஜோடி இரண்டும் ஒரே பெட்டியில் குடியிருக்கும்.

கிளஸ்டர் வழி: டிஆர்பிடி, பேஸ்மேக்கர்

டவ்காட்டின் சொந்த ரெப்ளிகேஷனை நம்பிப் பலர் இரண்டு நோடு வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் வந்த 2.4-இல் அதை எடுத்துவிட்டார்கள், ஒரு பயனரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் டைரக்டரும் போயிற்று. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பாதி இதனால் உதவாது. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே பகிரும் ஃபைல்சிஸ்டம்) மேல் இரண்டு டவ்காட்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவதும் வேண்டாம். ஒரே பயனரின் இண்டெக்ஸை இரண்டு பக்கமும் தொட்டால் அது கெடும். குளஸ்டர்எஃப்எஸ் போன்றவை கோடிக்கணக்கான சின்னக் கோப்புகளில் திணறும். மிஞ்சுவது பழைய, சலிப்பூட்டும், நம்பகமான முறை: டிஆர்பிடி (ஒரு நோடின் டிஸ்க்கை மற்ற நோடில் அப்படியே பிரதி எடுப்பது) மேல் சாதாரண எக்ஸ்எஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4, ஒரு நேரத்தில் ஒரு நோடில் மட்டும் மவுன்ட்.

1. ஒரே மாதிரி இரண்டு சர்வர். மூன்றாவதாகக் கோரம் ஓட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி. விமெயில் பயனரின் (மெயில் கோப்புகளுக்குச் சொந்தமான லினக்ஸ் கணக்கின்) யூஐடி, ஜிஐடி (பயனர், குழு எண்கள்; ஐமேப்பின் யூஐடி அல்ல) இரண்டு நோடிலும் ஒன்றாக இருக்க வேண்டும், உதாரணமாக 5000. மாறியிருந்தால் ஃபெயில்ஓவர் ஆன நொடியில் எல்லோருக்கும் "பெர்மிஷன் டினைட்".

2. டிஆர்பிடிக்கு நோடுகளுக்கிடையே நேரடி 10 ஜிபிபிஎஸ் கேபிள். புரோட்டோகால் சி மட்டும். இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகே சரி என்று சொல்வது அதுதான். 1 ஜிபிபிஎஸ் கேபிள்தான் இருக்கிறது என்றால் முதல் சிங்க் 3 டிபிக்கு ஏழரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் என்பதை நினைவில் வைத்து மாலையில் தொடங்குங்கள். டூயல் ப்ரைமரி (இரண்டு நோடும் ஒரே நேரத்தில் எழுதும் நிலை) போடாதீர்கள்.

3. டிஆர்பிடிக்குள் போக வேண்டியவை: மெயில்டிர், சீவ் விதிகள் (மெயிலைப் பிரிக்கும் பயனர் விதிகள்), போஸ்ட்ஃபிக்ஸ் கியூ. கான்ஃபிக் கோப்புகள் வெளியே இருக்கட்டும். அன்சிபிள் என்ற தானியங்கிக் கருவி மூலம் இரண்டு நோடுக்கும் ஒன்றாகத் தள்ளுங்கள். ஒரு நோடில் மட்டும் கையால் திருத்திய கான்ஃபிக், அடுத்த ஃபெயில்ஓவரில் காலை வாரும்.

4. சிஸ்டம்டியில் டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் டிஸேபிள் செய்யுங்கள். கிளப்புவது பேஸ்மேக்கரின் வேலை. வரிசை: டிஆர்பிடி ப்ரமோட் (இந்த நோடை எழுதும் பக்கமாக்குவது), ஃபைல்சிஸ்டம், மெய்நிகர் ஐபி (சேவை ஓடும் நோடோடு நகரும் முகவரி), டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ். டிஸேபிள் செய்ய மறந்தால், காத்திருக்கும் நோடு ரீபூட் ஆகும்போது டவ்காட் வெற்று மவுன்ட் பாயின்ட்டில் எழுந்து, புதிய மெயில்டிர்களை ரூட் டிஸ்க்கில் உருவாக்கத் தொடங்கும். பிறகு உண்மையான ஃபைல்சிஸ்டம் அதன்மேல் மவுன்ட் ஆனதும் அந்த மெயில்கள் அடியில் மறைந்துவிடும். மவுன்ட் ஆகாத நிலையில் அந்த டைரக்டரிக்குச் சட்டர் கட்டளையால் இம்யூட்டபிள் கொடி போட்டுவிடுங்கள். தவறினாலும் எழுத முடியாது.

5. டெபியன் 12-இல் ஒரு பொறி. அங்கே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சிஸ்டம்டி சேவை வெறும் போர்வை. உண்மையில் ஓடுவது அதன் கீழுள்ள இன்ஸ்டன்ஸ் சேவை. பேஸ்மேக்கர் போர்வையைக் கண்காணித்தால் போஸ்ட்ஃபிக்ஸ் செத்துக்கிடந்தாலும் "நலம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இன்ஸ்டன்ஸ் பெயரையே ரிசோர்ஸாகக் கொடுங்கள்.

6. ரிசோர்ஸ் ஸ்டிக்கினெஸ் (சேவை இருக்கும் நோடிலேயே ஒட்டிக்கொள்ளும் அளவு) 100 அல்லது அதற்கு மேல். இல்லாவிட்டால் பழைய நோடு எழுந்ததும் சேவை தானாகத் திரும்பிப் போய், தேவையில்லாமல் இரண்டாவது முறை நிற்கும்.

ஃபென்சிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பது இதைத்தான். நோடுகளுக்கிடையே தொடர்பு அறுந்தால், மறுபக்கம் செத்ததா, கேபிள் மட்டும் போனதா என்று எந்த நோடுக்கும் தெரியாது. இரண்டும் தான்தான் உயிரோடு இருப்பதாக நினைத்து ப்ரைமரி ஆனால், பாதி மெயில் இங்கே, பாதி மெயில் அங்கே. பிறகு இரண்டையும் சேர்க்க வழியில்லை. ஒரு பக்கத்தைத் தூக்கி எறிந்தாக வேண்டும். அதனால் மற்றதைக் கொன்றுவிட்டுத்தான் சேவையை எடுக்க வேண்டும். ஃபென்சிங், ஸ்டோனித் என்பது அதுதான். "சோதனைக்காக" ஸ்டோனித்தை அணைத்துவிட்டு அப்படியே நடப்புக்குக் கொண்டுவரும் கிளஸ்டர்கள்தான் பின்னால் தரவை இழக்கின்றன.

வழக்கமான ஃபென்ஸ் கருவி சர்வரின் ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து சர்வரை அணைக்க உதவும் உள்ளிணைந்த கட்டுப்பாடு). அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நோடின் மின்சாரமே முழுதாகப் போனால் ஐபிஎம்ஐயும் சேர்ந்து செத்துவிடும். உயிரோடு இருக்கும் நோடு "கொல்" என்று கட்டளை அனுப்பும், பதில் வராது, கொன்றதாக உறுதி கிடைக்காததால் சேவையை எடுக்காமல் காத்துக்கொண்டே இருக்கும். ஹார்டுவேர் பழுதைக் காக்கத்தான் கிளஸ்டர் கட்டினோம். அதே பழுதில் அது உறைந்து நிற்கும். ஐபிஎம்ஐயை முதல் நிலையாகவும், நெட்வொர்க்கில் கட்டுப்படுத்தக்கூடிய பிடியுவை (மின் விநியோகப் பலகையை) இரண்டாம் நிலையாகவும் வைப்பது இதற்காகத்தான். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டு அவுட்லெட்டையும் அணைத்த பிறகே ஏதாவது ஒன்றை ஆன் செய்யும்படி அமையுங்கள். இரண்டு நோடும் ஒரே நொடியில் ஒன்றையொன்று கொல்லாமல் இருக்க, ஒரு நோடின் ஃபென்ஸ் கருவிக்கு மட்டும் 10 விநாடி தாமதம் கொடுங்கள். டிஆர்பிடி பக்கமும் ஃபென்சிங்கை "ரிசோர்ஸ் அண்ட் ஸ்டோனித்" என்று வைக்க வேண்டும். டிஆர்பிடி 9 என்றால் அந்தச் சின்னப் பெட்டியை டிஸ்க் இல்லாத மூன்றாவது நோடாகச் சேர்த்து கோரம் பெறலாம்.

கண்காணிப்பில் அளவு வேண்டும். சோதனை லாகின் தோற்றால் ஃபெயில்ஓவர் என்று வைத்தால், பின்னாலுள்ள எல்டாப் (பயனர் கணக்குகளின் அடைவு) விழும்போது லாகின் இரண்டு நோடிலும் தோற்கும். சேவை இங்கும் அங்கும் பந்தாடப்படும். மைக்ரேஷன் த்ரெஷோல்டு (எத்தனை தோல்விக்குப் பிறகு மாறுவது) 3 என்று வையுங்கள். எல்டாப் பழுதால் வரும் தோல்வியைத் தனியாகப் பிரித்து, அதற்கு எச்சரிக்கை மட்டும் அனுப்புங்கள்.

ஃபெயில்ஓவருக்குப் பிறகு வெளியே போகாத மெயில்

மெய்நிகர் ஐபி புதிய நோடுக்கு வந்துவிட்டது, உள்ளே வரும் இணைப்புகள் சரியாக வருகின்றன. ஆனால் வெளியே போகும் மெயில் அந்த ஐபியிலிருந்து போவதில்லை. லினக்ஸ் நோடின் சொந்த ஐபியைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த ஐபிக்குப் பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இல்லை, எஸ்பிஎஃப்பிலும் (அனுப்ப அனுமதி பெற்ற ஐபிகளின் பட்டியலிலும்) இல்லை. ஜிமெயில் திருப்பி அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் எஸ்எம்டிபி பைண்ட் அட்ரஸாக மெய்நிகர் ஐபியைக் கொடுங்கள், அல்லது இரண்டு நோடின் ஐபிக்கும் பிடிஆர், எஸ்பிஎஃப் போடுங்கள். விஎம் வழியில் ஐபி விஎம்மோடு போவதால் இந்தத் தொல்லையே இல்லை.

டிகிம் சாவி (வெளியே போகும் மெயிலில் கையொப்பமிடும் சாவி) இரண்டு நோடிலும் இருக்க வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதி. எச்டிடிபி முறையில் புதுப்பித்தால் மெய்நிகர் ஐபி இருக்கும் நோடில் மட்டுமே புதுப்பிக்கும். நாலு மாதம் சும்மா இருந்த நோடுக்குச் சேவை மாறும் அன்று எல்லோர் திரையிலும் சான்றிதழ் எச்சரிக்கை வரும். டிஎன்எஸ் முறைக்கு மாறுங்கள், அல்லது புதுப்பித்ததும் மற்ற நோடுக்கு நகலெடுத்து டவ்காட்டை ரீலோட் செய்யும் ஹுக் எழுதுங்கள்.

ஐபி மாறியும் ரூட்டர் பக்கமிருந்து மட்டும் எட்டவில்லை என்றால் காரணம் ஏஆர்பி கேஷ் (எந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டில் என்ற ரூட்டரின் நினைவு). சிஸ்கோ ரூட்டரில் இயல்பாக அது 4 மணி நேரம். பேஸ்மேக்கரின் ஐபி ஏஜென்ட் புது ஏஆர்பியை அறிவிக்கிறது. சில ஃபயர்வால்கள் அதை மதிப்பதில்லை. வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்றால்

இங்கே தேர்வு கிட்டத்தட்ட முடிந்துபோன விஷயம். எக்ஸ்சேஞ்ச் 2010-இலிருந்து வரும் டிஏஜி (டேட்டாபேஸ் அவைலபிலிட்டி குரூப்), டேட்டாபேஸ் அளவில் பிரதி எடுக்கிறது. 1 எம்பி லாக் கோப்புகளை மற்ற நோடுக்கு அனுப்பி அங்கே ஓட்டிப்பார்க்கும். ஒரு டிஏஜியில் 16 சர்வர் வரை. ஸ்டாண்டர்டு எடிஷனிலும் கிடைக்கும், சர்வருக்கு 5 டேட்டாபேஸ் என்ற வரம்போடு. இரண்டு நோடு என்றால் மூன்றாவது ஓட்டுக்கு விட்னஸ் சர்வர் ஒன்று வேண்டும். அதை அந்த இரண்டு விஎம்கள் ஓடும் ஹோஸ்டுகளுக்கு வெளியே வையுங்கள். பிரதி ஒவ்வொன்றும் தனித்தனி டிஸ்க்கில் இருக்கட்டும். இரண்டு பிரதியும் ஒரே சான் லன்னில் (ஸ்டோரேஜ் துண்டில்) இருந்தால் டிஏஜி போட்டதில் பொருளில்லை.

விஎம்மில் ஓட்டுவது தாராளமாகச் செய்யலாம். டைனமிக் மெமரி வேண்டாம், ஸ்னாப்ஷாட் எடுத்து மீட்பது வேண்டாம், டேட்டாபேஸை என்எஃப்எஸ் ஸ்டோரில் வைப்பது ஆதரவில் இல்லை. விர்ச்சுவல் சிபியு எண்ணிக்கை உண்மையான கோர்களைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. லைவ் மைக்ரேஷனின் கடைசி நொடியில் விஎம் சற்று உறையும். ஹார்ட்பீட் தவறி டேட்டாபேஸ் மாறினால் ஹார்ட்பீட் இடைவெளியான சேம் சப்நெட் டிலேவை 2,000 மில்லிவிநாடியாக்கிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. புதிதாகக் கட்டுபவர்கள் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனில்தான் தொடங்க வேண்டும்.

ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

ஷட்டவுன் கட்டளை கொடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அது எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுத்தான் போகும். பவர் கார்டைப் பிடுங்குங்கள்.

மெயில் அனுப்பிச் சோதிக்கும் ஸ்வாக்ஸ் கருவியால் விநாடிக்கு ஒரு மெயில், சப்ஜெக்டில் வரிசை எண் போட்டு, வெளியிலுள்ள ஒரு கணினியிலிருந்து அனுப்பிக்கொண்டே இருங்கள். எந்தெந்த எண்ணுக்கு "250" கிடைத்தது என்று லாகில் சேரட்டும். எண் 200-ஐத் தாண்டும்போது நடப்பு நோடின் பவர் கார்டைப் பிடுங்குங்கள். சேவை மறுபடி எழுந்து, கியூ காலியானதும், "250" பெற்ற எண்களையும் மெயில்பாக்ஸில் உள்ள எண்களையும் ஒப்பிடுங்கள். இணைப்பு கிடைக்காமல் போன எண்கள் இல்லாதிருப்பது சரி. "250" கிடைத்த ஓர் எண்கூட இல்லாமல் போனால் டிஸ்க் கேஷ், டிஆர்பிடி புரோட்டோகால், எஸ்எஸ்டி மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது. இரண்டு முறை வந்த எண்களைப் பற்றிக் கவலை வேண்டாம். "250" போகும் வழியில் அறுந்தால் அப்படி வரும்.

அதே சோதனையைக் கோரோசிங்க் கேபிளை மட்டும் பிடுங்கி ஒருமுறை, டிஆர்பிடி கேபிளை மட்டும் பிடுங்கி ஒருமுறை, டவ்காட்டைக் கில் 9 கொடுத்து ஒருமுறை, கியூ டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பி ஒருமுறை செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை விநாடியில் 993 திரும்பியது என்று குறித்துவையுங்கள். விஎம் வழியென்றால் கூடவே ஸ்டோரேஜ் ஸ்விட்சில் ஒன்றை அணைத்தும் பாருங்கள்.

டிஆர்பிடி 9 கர்னலுக்கு வெளியே தனி மாட்யூலாக வருவதால், கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு மாட்யூல் ஏறவில்லை என்றால் காத்திருக்கும் நோடு பார்வைக்கு நலமாகவே இருந்துகொண்டு பிரதி எடுக்காமல் கிடக்கும். அதனால் ஒவ்வொரு பேட்சுக்குப் பின்னும் இரண்டு பக்கமும் "அப்டுடேட்" என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த நோடைத் தொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேவையை மறுபக்கம் நகர்த்தி, ஒரு வாரம் அங்கேயே ஓடவிடுங்கள்.